கால்சியம் குளோரைடை தண்ணியில கரைக்கறது எப்படி: அடிக்கடி கேக்கற கேள்விங்க

ஆரம்பாக்கம் தாண்டி தாடா பக்கம் ஒரு ஐஸ் பாக்டரியில பதினோரு வருஷம் பிரைன் டேங்க், அதாவது ஐஸ் உறைய வைக்கற உப்புக் கரைசல் தொட்டி, பாத்துக்கிட்டு இருந்தேன், இப்ப இறால் குட்டைக்கும் தோட்டத்துக்கும் தேவையான சாமான் விக்கற சின்ன கடை வச்சிருக்கேன். கடைக்கு வர்றவங்கள்ல பாதி பேர் தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிப்பாங்க, பாதி பேர் தெலுங்குல ஆரம்பிச்சு தமிழ்ல முடிப்பாங்க, ஆனா கால்சியம் குளோரைடு மூட்டைய தூக்கிட்டு போறப்ப எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "அண்ணே இத சும்மா தண்ணியில கொட்டிடலாமா?" சும்மா கொட்டக் கூடாது. ஏன்னு ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன்.

இது உப்புதானே, இதுல என்ன பயம்?

உப்பு வகைதான். விஷம்னு சொல்ல முடியாது, உணவு தரத்துல வர்றத சீஸுலயும் டின்ல அடைக்கற காய்கறியிலயும் கூட போடறாங்க. ஆனா சமையல் உப்ப தண்ணியில போட்டா ஒண்ணும் ஆகாது, இத போட்டா தண்ணி சூடாகும். கொஞ்சம் போட்டா வெதுவெதுன்னு இருக்கும், நிறைய போட்டா கை வைக்க முடியாது, தப்பா போட்டா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். பயம் அவ்வளவுதான், ஆனா அது போதும்.

இன்னொரு குணம், காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். பழவேற்காடு ஏரிக் காத்து அடிக்கற ஊர்ல ஒரு பிடி எடுத்து தட்டுல வச்சுட்டு ராத்திரி தூங்கிட்டு காலையில வந்து பாருங்க, தட்டுல உப்பு இருக்காது, எண்ணெய் மாதிரி பிசுபிசுன்னு தண்ணிதான் நிக்கும். ஈரம் இழுக்கற அதே வெறிதான் உங்க தோல் மேலயும் கண்ணு மேலயும் காட்டும்னு நினைச்சுக்குங்க.

தண்ணிய ஊத்தினா ஏன் சூடாகுது? நெருப்பு இல்ல, ஆசிட் இல்ல?

கால்சியம் துகளுக்கு தண்ணி மேல பயங்கர தாகம். கரையறப்ப ஒவ்வொரு கால்சியத்தையும் தண்ணி மூலக்கூறுங்க சுத்தி வளைச்சு பிடிச்சுக்கும், அப்படி பிடிக்கறப்ப வெளிய வர்ற சக்திதான் சூடு. படிகத்த உடைக்கறதுக்கும் கொஞ்சம் சக்தி செலவாகும், ஆனா வர்றது செலவாகறத விட ரொம்ப அதிகம்.

இதுல கவனிக்க வேண்டியது, நம்ம ஊர்ல ரெண்டு விதமா கிடைக்குது. ஒண்ணு ஃபிளேக்ஸ், அவல் மாதிரி தட்டையா இருக்கும், மூட்டையில 77 லேர்ந்து 80 சதவீதம்னு போட்டிருக்கும். இதுக்குள்ள ஏற்கனவே கொஞ்சம் தண்ணி இருக்கு, அதனால தாகம் பாதி அடங்கினது. இன்னொண்ணு அன்ஹைட்ரஸ், ஜவ்வரிசி மாதிரி உருண்டையாவோ பவுடராவோ வரும், 94 சதவீதத்துக்கு மேல இருக்கும், உள்ள தண்ணி கிட்டத்தட்ட கிடையாது. ஒரு கிலோ ஃபிளேக்ஸ் கரைஞ்சா 300 கிலோஜூல் அளவு சூடு வரும், ஒரு கிலோ அன்ஹைட்ரஸ் கரைஞ்சா 700-க்கு மேல. ரெண்டு மடங்குக்கும் மேல! ஃபிளேக்ஸ்ல பழகின கை அன்ஹைட்ரஸ் மூட்டைய அதே மாதிரி கவுத்துச்சுன்னா அங்கதான் அடி விழுது. மூட்டைய பிரிக்கறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

மூணாவதா ஹெக்ஸாஹைட்ரேட்னு ஒண்ணு இருக்கு, வயிறு நிறைய தண்ணி குடிச்ச ஜாதி, அது கரையறப்ப சூடாகாது, தண்ணி சில்லுனு ஆகும். 30 டிகிரியிலயே உருகிடும், அதனால நம்ம ஊர் வெயிலுக்கு அத மூட்டையில கட்டி விக்க எவனும் வரமாட்டான்.

தண்ணியில உப்பு போடணுமா, உப்புல தண்ணி ஊத்தணுமா?

தண்ணி முதல்ல. எப்பவும். ராகி சங்கட்டி, அதாவது ராகி களி, கிண்டற வீட்ல கேளுங்க, மாவு மேல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்னு, வெளிய களி மாதிரி பூசிக்கிட்டு உள்ள வறட்டு மாவா கட்டி தட்டி நிக்கும். இதுவும் அப்படித்தான், ஆனா இந்தக் கட்டி சும்மா இருக்காது, உள்ளுக்குள்ள சூடாகிக்கிட்டே இருக்கும்.

நான் வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வருஷம்னு நினைக்கறேன், புதுசா வந்த பையன் ஒருத்தன், நல்ல பையன், சுறுசுறுப்பு ஜாஸ்தி, காலி டிரம்ல ரெண்டு மூட்டை அன்ஹைட்ரஸ கொட்டிட்டு மேல இருந்து ஹோஸ்ல தண்ணிய திறந்து விட்டான். முதல்ல 'ஸ்ஸ்'ஸுன்னு சத்தம், தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. அப்புறம் டிரம் வாயில ஆவி. அவன் என்னடான்னு எட்டிப் பாத்தான், அந்த நேரம் பாத்து அடியில மாட்டிக்கிட்டு இருந்த தண்ணி கொதிச்சு ஒரு தடவை குபுக்குன்னு தள்ளுச்சு, கழுத்துலயும் காதுலயும் தெறிச்சுது. நல்ல வேளை கண்ணாடி போட்டிருந்தான், அதுவும் வெல்டிங் பண்றவர்கிட்ட கேட்டு வாங்கின கண்ணாடி. கழுத்துல கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆச்சு. டிரம் கதை வேற, அடியில ஒரு ஜாண் கனத்துக்கு கல்லு மாதிரி இறுகி உக்காந்துக்கிச்சு, கடப்பாரை வச்சு குத்தினா சில்லு சில்லாத்தான் வருது, கடைசியில டிரம்ம வெயில்ல கவுத்து போட்டு மூணு நாள் தண்ணி விட்டு விட்டு கரைச்சோம். மானேஜர் திட்டினது பையன இல்ல, என்னத்தான். சொல்லிக் குடுக்காதது என் தப்புதான், அத நான் ஒத்துக்கறேன்.

எவ்ளோ சூடாகும்? கணக்கா சொல்லுங்க.

200 லிட்டர் டிரம்ல 150 லிட்டர் தண்ணி, 30 டிகிரியில இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல 25 கிலோ ஃபிளேக்ஸ் மூட்டை ரெண்டு கரைச்சா மொத்த கரைசல் 200 கிலோ, கால்சியம் குளோரைடு அதுல இருபது சதவீதத்துக்கு ஒரு முடி கம்மி. சூடு ஏறத்தாழ 25 டிகிரி ஏறும், அதாவது 55 பக்கம் வந்து நிக்கும். கை வச்சா சுடும், ஆனா சமாளிக்கலாம். அதே தண்ணியில அதே ரெண்டு மூட்டை அன்ஹைட்ரஸா இருந்தா 55 டிகிரி ஏறி 85 பக்கம் போயிடும், அது கிட்டத்தட்ட டீக்கடை பாய்லர்.

இது எல்லாம் நல்லா கலக்கி மொத்த தண்ணியும் ஒரே சூட்ல இருந்தாத்தான். கலக்காம விட்டா மேல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அடியில குவிஞ்சு கிடக்கற இடத்துல மட்டும் கொதிக்கும். அதனால மேல கை வச்சு பாத்துட்டு "ஒண்ணுமில்லையே"ன்னு முடிவு பண்ணாதீங்க.

இதுக்கு மாறா, தோட்டத்து ஸ்பிரேவுக்கு லிட்டருக்கு 5 கிராம் போட்டா சூடு ஒரு டிகிரி கூட ஏறாது. தெளிக்கற கரைசல் ஆபத்தில்ல. அத செய்யறதுக்கு முன்னாடி சின்ன டப்பாவுல கெட்டியா கரைச்சு வச்சுக்கறாங்க பாருங்க, அங்கதான் சூடு.

சரி, டிரம்ல கரைக்கறத முதல்ல இருந்து சொல்லுங்க

டிரம்ம எங்க வைக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஏன்னா கரைச்சப்புறம் அது 200 கிலோ, நகத்த முடியாது, நகத்தவும் கூடாது. காத்தோட்டமான இடம், பக்கத்துல குழாய், காத்து உங்க முதுகு பக்கம் இருந்து அடிக்கணும், மூட்டை பிரிக்கறப்ப கிளம்பற தூசி மூக்குல போனா எரியும், இருமல் வரும்.

தண்ணிய முழுசா ஊத்திடுங்க, சாதா பச்சத் தண்ணி. டிரம்ல நாலுல ஒரு பங்கு காலியா இருக்கணும், உப்பு போடப் போட மட்டம் ஏறும், கலக்கறப்ப அலம்பும். அப்புறம் மூட்டைய தூக்கி கவுக்காம மக்குல அள்ளி அள்ளி போடுங்க, ஒரு மக் போட்டா கலக்குங்க, கரைஞ்சது தெரிஞ்சப்புறம் அடுத்தது. டிரம்முக்கு வெளிய கை வச்சு பாருங்க, சூடு தாங்கலைன்னா நிறுத்திட்டு போய் டீ குடிச்சிட்டு வாங்க, உப்பு எங்கயும் ஓடாது. ஃபிளேக்ஸுன்னா ரெண்டு மூட்டைக்கு அரை மணி முக்கால் மணி, அன்ஹைட்ரஸுன்னா நடுவுல ஆற விட்டு ஆற விட்டு அரை நாள் கூட ஆகலாம். அவசரம்னா தண்ணிக்கு பதிலா பாதி ஐஸ் போட்டு ஆரம்பிங்க, ஐஸ் உருகறதுக்கே நிறைய சூடு குடிச்சிடும். எங்களுக்கு ஐஸுக்கு பஞ்சமா, பாக்டரியில உடைஞ்ச ஐஸ் பார் துண்டுங்கள அள்ளிப் போட்டுத்தான் கரைப்போம். ஐஸோட எடைய தண்ணி கணக்குல சேத்துக்குங்க, இல்லன்னா கரைசல் நீத்துப் போயிடும்.

கலக்க முடியாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, எனக்கு இதுதான் பிடிச்சது. ஓட்டை ஓட்டையா இருக்கற பிளாஸ்டிக் கூடையில உப்ப போட்டு தண்ணியோட மேல்மட்டத்துல பாதி மூழ்கற மாதிரி கயிறு கட்டி தொங்க விடுங்க. கரைஞ்ச கரைசல் கனம், அது தானா கீழ இறங்கும், புதுத் தண்ணி மேல வரும், யாரும் தொட வேண்டாம். வெளிச்சத்துல குனியாம பக்கவாட்டுல பாத்தீங்கன்னா கூடைக்கு கீழ கானல் மாதிரி இழை இழையா நெளிஞ்சு இறங்கறது தெரியும். ஒவ்வொரு தடவையும் அள்ளிப் போடறது மட்டும் ரெண்டு மூணு கிலோவுக்கு மேல வேண்டாம்.

மூடி? ஆறற வரைக்கும் மூடாதீங்க. சூடா இருக்கறப்ப இறுக்கி மூடினா ஆவி உள்ள முட்டும், ஆறினப்புறம் டிரம் வயித்த உள்ள இழுத்துக்கிட்டு அப்பளமா நிக்கும்.

சுடுதண்ணியில போட்டா சீக்கிரம் கரையுமே?

கரையும், அதுதான் பிரச்சனை. 20 டிகிரி தண்ணியிலயே 100 மில்லிக்கு 74 கிராம் வரைக்கும் கரையற சாமான் இது, கரையலையேன்னு கவலைப்படற ஜாதியே இல்ல. சுடுதண்ணியில ஆரம்பிச்சா கொதிநிலைக்கு போக மிச்சம் இருக்கற தூரத்த நீங்களே குறைச்சுக்கறீங்க. மொட்டை மாடி டேங்க் தண்ணி ஏப்ரல் மே மாசத்துல மதியம் ரெண்டு மணிக்கு எப்படி இருக்கும்னு தெரியும்ல, அதுவும் சுடுதண்ணி கணக்குதான். காலையில கரைங்க.

எந்த பாத்திரம்? வீட்ல அலுமினிய அண்டா இருக்கு

அலுமினியம் வேண்டவே வேண்டாம், துத்தநாகம் பூசின பக்கெட்டும் வேண்டாம். குளோரைடு ரெண்டையும் அரிச்சு தின்னும். இரும்பும் துருப்பிடிக்கும், ஐஸ் பாக்டரி டேங்க் இரும்புதானேன்னு கேப்பீங்க, அது கனத்த தகடு, அதுக்கு தனி பராமரிப்பு, அப்படியும் துரு பிடிக்கறத நான் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தேன். கெட்டி பிளாஸ்டிக் டிரம்தான் நல்லது, நீல கலர்ல வருமே அது. தண்ணி பாட்டில்ல கரைக்காதீங்க, சூட்டுக்கு நெளிஞ்சு கையிலயே கவுந்துடும். சாதா கண்ணாடி பாட்டில் விரிசல் விடும். கலக்கறதுக்கு நீளமான பிவிசி பைப்போ மரக் கட்டையோ போதும், கைய விட்டு கலக்கறவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

கையுறை எல்லாம் தேவையா, நாங்க என்ன ஆஸ்பத்திரியிலயா இருக்கோம்?

தேவை. ரப்பர் கையுறை, கண்ணுக்கு மூடின கண்ணாடி, முழுக்கை சட்டை, ரப்பர் பூட்ஸ். இதுல ஒண்ணுதான் வாங்க காசு இருக்குன்னா கண்ணாடி வாங்குங்க.

தோல் கையுறை, தோல் செருப்பு ஆகாது. இது தோல்ல இருக்கற ஈரத்த உறிஞ்சி சுருக்கிடும். என் தோல் செருப்பு ஒரு ஜோடி, பிரைன் சிந்தின இடத்துல நாள் பூரா நடந்துட்டு கழுவாம விட்டேன், அடுத்த வாரம் முன்பக்கம் மேல வளைஞ்சு ராஜா காலத்து நாடக செருப்பு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் வாட்ச், மோதிரம், இடுப்புக் கயிறு இதெல்லாம் கவனம். வியர்வை ஈரத்துல ஒரு துகள் வாட்ச் பட்டைக்கு அடியில மாட்டினா அங்கயே கரைஞ்சு அங்கயே சூடாகி அங்கயே அரிக்கும், சாயங்காலம் கழட்டறப்பதான் செவசெவன்னு தெரியும்.

பட்டுடுச்சு, இப்ப என்ன பண்றது?

கண்ணுன்னா யோசிக்காதீங்க, இமைய விரிச்சு பிடிச்சுக்கிட்டு ஓடற தண்ணியில குறைஞ்சது 15 நிமிஷம். பதினஞ்சு நிமிஷம்னா நிஜமாவே பதினஞ்சு நிமிஷம், கடிகாரத்த பாருங்க, ரெண்டு நிமிஷத்துலயே போதும்னு தோணும். அப்புறம் டாக்டர்.

தோல் மேல காஞ்ச உப்பு ஒட்டியிருந்தா முதல்ல தட்டி விடுங்க, அப்புறம் நிறைய தண்ணி. கொஞ்சூண்டு தண்ணி தெளிச்சா சூடுதான் வரும், கொட்டணும், நிக்காம கொட்டணும். பேஸ்ட், சுண்ணாம்பு, வினிகர் எதையும் பூசாதீங்க. குழந்தை வாயில போட்டுக்கிச்சுன்னா வாய கொப்பளிக்க வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க, வாந்தி எடுக்க வைக்க முயற்சி பண்ணாதீங்க. 108 ரெண்டு ஸ்டேட்லயும் அதே நம்பர்தான்.

கடையில கால்சியம்னு கேட்டேன், வேற ஏதோ குடுத்துட்டாங்க, அதுவும் கால்சியம்தானே?

இந்த கேள்விக்கு மட்டும் நான் கோவப்படுவேன். கால்சியம்னு பேர் ஆரம்பிச்சா எல்லாம் ஒரே சாமான் இல்ல. கால்சியம் கார்பைட், நாம கார்பைட் கல்லுன்னு சொல்றது, தண்ணி பட்டா அசிட்டிலீன் கேஸ் கிளம்பும், ஒரு பீடி நெருப்பு போதும். மாங்கா பழுக்க வைக்க அத போடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, இருந்தாலும் சந்தையில சுத்துது. ப்ளீச்சிங் பவுடர் வேற, அதுல குளோரின் வாடை மூக்க துளைக்கும், ஆசிட் பட்டா விஷ வாயு. சுட்ட சுண்ணாம்பு வேற, அதுவும் தண்ணியில கொதிக்கும், ஆனா கரைசல் காரம், கண்ணுல பட்டா பார்வையே போகும். கால்சியம் நைட்ரேட் உரம், சொட்டுநீர்ல விடறது.

கால்சியம் குளோரைடுக்கு வாடையே கிடையாது, வெள்ளையா இருக்கும், மூட்டையில முழுப் பேரும் இருக்கும். பேர் கிழிஞ்ச மூட்டை, பழைய டப்பாவுல மாத்தி வச்சது, "அதேதாண்ணா நம்பு"ன்னு சொல்றது, எதையும் வாங்காதீங்க. நானே வித்தாலும் வாங்காதீங்க.

கரைச்சா பால் மாதிரி வெள்ளையா ஆயிடுச்சே, கலப்படமா?

பெரும்பாலும் இல்ல. நம்ம பக்கம் போர் தண்ணி கடினத் தண்ணி, அதுல இருக்கற பைகார்பனேட் சூட்டுல சுண்ணாம்பு பொடியா பிரியும், கெட்டில்ல அடியில வெள்ளையா படியுமே அதேதான். உப்புலயும் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கும். ராத்திரி பூரா விட்டா அடியில தங்கிடும், மேல தெளிவ எடுத்துக்குங்க. ஸ்பிரேன்னா துணியில வடிகட்டுங்க, இல்லன்னா நாசில் அடைச்சுக்கும்.

ஆனா நீங்க வேற எதையாவது கூட சேத்து வெள்ளையாச்சுன்னா அது வேற கதை. எப்சம் உப்பு, அம்மோனியம் சல்பேட், பொட்டாசியம் சல்பேட் கலந்தா ஜிப்சமா படியும். 19:19:19 உரம் கலந்தா அதுல இருக்கற பாஸ்பரஸ் கால்சியத்தோட சேந்து படியும். சோடா உப்பு போட்டா நுரைச்சு சுண்ணாம்பாயிடும். எதுவும் வெடிக்காது, காசுதான் டிரம்முக்கு அடியில உக்காந்துக்கும். ஆனா பேட்டரி ஆசிட் மட்டும் கிட்ட கொண்டு வராதீங்க, கெட்டி கந்தக அமிலம் பட்டா உப்பமில ஆவி கிளம்பும், நெஞ்சு எரியும்.

தக்காளிக்கு அடிக்கலாமா?

என் மச்சான் பலமநேர் பக்கம் தக்காளி போடறான், காய் அடியில கறுப்பா அழுகுதுன்னு ஒரு தடவை போன் பண்ணினான். அது கால்சியம் காய்க்கு போய் சேராததுதான், ஆனா மண்ணுல கால்சியம் இல்லாததால வர்றத விட தண்ணி ஒழுங்கா விடாததால வர்றதுதான் ஜாஸ்தி, நாலு நாள் காய விட்டு அஞ்சாம் நாள் வெள்ளமா விட்டா அப்படித்தான் ஆகும். தண்ணி முறைய முதல்ல சரி பண்ணுடான்னுதான் சொன்னேன்.

அடிக்கறதுன்னா லிட்டருக்கு 3 கிராம்ல ஆரம்பிங்க, 5 கிராம தாண்டாதீங்க, சாயங்காலமா அடிங்க, முதல்ல ஒரு வரிசையில அடிச்சு ரெண்டு நாள் பாருங்க இலை ஓரம் கருகுதான்னு. கெட்டிக் கரைசல தனியா கரைச்சு முழுசா ஆற விட்டு, அப்புறம் டேங்க்ல முக்கால் தண்ணி இருக்கறப்ப ஊத்துங்க. முதுகுல மாட்டற ஸ்பிரேயர்ல காஞ்ச உப்ப நேரா கொட்டி மூடி இறுக்கற வேலை வேண்டாம். வேலை முடிஞ்சதும் ஸ்பிரேயர ரெண்டு தடவை கழுவுங்க, பித்தளை நாசில் பச்சை பிடிச்சுக்கும்.

இறால் குட்டைக்கு எவ்ளோ?

வன்னமி இறால் போடற எல்லாரும் கேக்கறது. முதல்ல தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுங்க, ரிப்போர்ட் இல்லாம நான் மூட்டை எண்ணிக்கை சொல்ல மாட்டேன். கணக்கு மட்டும் சொல்றேன்: ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம்னா சுமாரா 4,000 கன மீட்டர் தண்ணி. அதுல கால்சியத்த லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏத்த 40 கிலோ கால்சியம் வேணும், ஃபிளேக்ஸ்ல கால்சியம் 27 சதவீதம் பக்கம்தான், அப்ப 150 கிலோ, ஆறு மூட்டை. கால்சியத்த மட்டும் ஏத்தி மெக்னீசியத்த விட்டுட்டா பிரயோஜனம் இல்ல, கடல் தண்ணியில மெக்னீசியம் கால்சியத்த விட மூணு மடங்குக்கு மேல இருக்கு, இறால் பழகினது அதுக்குத்தான்.

கரைச்சு, ஆற வச்சு, ஏரேட்டர் ஓடறப்ப குட்டை சுத்தி பரப்பி விடுங்க. காஞ்ச மூட்டைய கரையில நின்னு வீசினா அடியில போய் குவியும், அந்த இடத்துல இறால் நிக்காது, நின்னா பிழைக்காது. ஆறு மூட்டையும் ஒரே நாள்ல வேண்டாம், மூணு நாளா பிரிச்சு விடுங்க.

ஐஸ் பிளான்டுக்கு பிரைன் கரைக்கறப்ப எந்த அளவு சரி?

நம்ம பக்கம் நிறைய பிளான்ட்ல சாதா உப்புதான் ஓடுது, விலை கம்மி. சாதா உப்பு எவ்ளோ போட்டாலும் மைனஸ் 21 டிகிரிக்கு கீழ தாங்காது, கால்சியம் குளோரைடு 30 சதவீதம் பக்கம் மைனஸ் 50 வரைக்கும் உறையாது. ஐஸ் பார் போட அவ்ளோ எல்லாம் தேவையில்ல, 20 சதவீதம் போதும், மைனஸ் 18 வரைக்கும் தாங்கும். ஹைட்ரோமீட்டர்ல 1.18 பக்கம் காட்டும், பால்காரர் லாக்டோமீட்டர் மாதிரிதான் அது, மிதக்க விட்டு கோட்ட படிக்கறது. சூடா இருக்கறப்ப படிச்சா கம்மியா காட்டும், பத்தலைன்னு இன்னும் ரெண்டு மூட்டை போட்டுடுவீங்க, ஆற விட்டு படிங்க.

ஓடற டேங்க்ல காஞ்ச உப்ப நேரா கொட்டாதீங்க, ஐஸ் கேன் இடுக்குல, குளிர வைக்கற காயில் மேல போய் குவியும். வெளிய டிரம்ல கரைச்சு ஆற வச்சு விடுங்க. பழைய பிளான்ட்ல பிரைன் மஞ்சளா இருந்தா துரு பிடிக்காம இருக்க டைக்குரோமேட் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அது கேன்சர் வரவைக்கற சாமான், வெறுங்கையில தொடாதீங்க. பிஹெச் திடீர்னு ஏறினா உப்பு மேல பழி போடாம குளிர வைக்கற காயில்ல ஓடற அம்மோனியா லீக் இருக்கான்னு பாருங்க.

சிமெண்ட் சீக்கிரம் இறுகும்னு மேஸ்திரி போடச் சொல்றாரே?

இறுகும். ஆனா கம்பி கட்டின கான்கிரீட்ல போடாதீங்க, குளோரைடு கம்பிய உள்ளுக்குள்ளயே துரு பிடிக்க வைக்கும், பத்து வருஷம் கழிச்சு சீலிங் பேந்து விழறப்ப மேஸ்திரி இருக்க மாட்டார்.

ஊறுகாய் மாங்கா மொறுமொறுன்னு இருக்க?

உணவு தரம்னு எழுதினது, 509-னு நம்பர் போட்டது மட்டும், சிட்டிகை அளவு. என் கடையில இருக்கறது அது இல்ல.

மீந்த கரைசல எங்க ஊத்தறது?

கிணத்துப் பக்கம், செடிப் பக்கம், ஏரிக்கு போற கால்வாய்ல வேண்டாம். குளோரைடு மண்ணுல தங்கினா செடி காஞ்சுடும், நல்ல தண்ணி உப்புத் தண்ணி ஆயிடும். சிறந்தது, மூடி வச்சு அடுத்த தடவைக்கு பயன்படுத்தறது, இது கெட்டுப் போற சாமான் இல்ல. தரையில சிந்தின காஞ்ச உப்ப முதல்ல பெருக்கி அள்ளுங்க, அப்புறம் கழுவுங்க, அப்படியே விட்டா ஈரத்த இழுத்து எப்பவும் காயாத வழுக்கல் ஆயிடும், பாக்டரியில பாதி பேர் விழுந்தது அப்படித்தான். காலி மூட்டைய மாடு நக்கும், எட்டாத இடத்துல போடுங்க, தவிடு கட்டவும் அதையே எடுக்காதீங்க.

மூட்டை கல்லா இறுகிடுச்சு, தூக்கிப் போட்டுடவா?

வேண்டாம். மழைக்காலத்துல ஒரு ஓட்டை இருந்தா போதும், பாதி மூட்டை கல்லாயிடும். சுத்தியால அடிச்சா சில்லு கண்ணுல தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு, மூட்டையோட தரையில ரெண்டு தடவை போட்டு உடைங்க, பெரிய கட்டிய கூடையில வச்சு மேல சொன்ன மாதிரி தொங்க விடுங்க. அது ஏற்கனவே காத்துல தண்ணி குடிச்சது, அதனால சூடு கம்மியாத்தான் வரும், ஆனா அதே காரணத்துக்கு எடையும் பொய் சொல்லும், 25 கிலோ நிக்கற மூட்டையில சரக்கு 25 கிலோவுக்கு இருக்காது, ஹைட்ரோமீட்டர் காட்டறதத்தான் நம்பணும். போன ஐப்பசியில என் கடை பின்னாடி ஒழுகி நாலு மூட்டை இப்படி ஆச்சு, அத பாதி விலைக்கு வாங்கிட்டு போன ஆளு டிரம்ல தொங்க விட்டு கரைச்சு டிராக்டர் டயர்ல ரொப்பிக்கிட்டார், டியூப் போட்ட டயர்தான், சேத்துல வழுக்காம இருக்க கனம் வேணும்னார்.